அம்பாசடர் காரின் தரைத்தகட்டில் துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தந்தை சென்னையில் 1972ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் மார்க் 2 ஒன்றை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. இன்ஜினைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. தரைத்தகட்டைச் சரிசெய்ய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதன்பின் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலருடைய வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. பெரும்பாலும் அம்பாசடரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பத்மினி, ஹெரால்டு ஆகிய பழைய கார்களுக்கு மாறுபடும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. கால் வைக்கும் தகட்டைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு?

அம்பாசடருக்குத் தனியான சேஸிஸ் (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் வழிவந்தது. தரை, கூரை, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு ஆகிய எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டியின் எலும்புக்கூடு. முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்களின் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டுகள்) பின்முனைகள் தரைக்கு அடியில்தான் பிடிமானம் கொள்கின்றன. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளின் பிடிமானமும் அடித்தகட்டோடு சேர்ந்ததே. ஆகவே தரை இற்றுப்போனால், காலுக்கு அடியில் ஓட்டை விழுவதோடு விஷயம் முடியாது. வண்டி திருகிக்கொள்ளும். கதவு சரியாகச் சாத்தாது. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் கூடு நொறுங்கிவிடும்.

பத்மினியும் (அடிப்படையில் ஃபியட் 1100) அப்படித்தான். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் வேறு இனம். அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. உடலை போல்ட் போட்டு அதன்மேல் அமர்த்தியிருப்பார்கள். அதில் தரை போனாலும் வண்டியின் முதுகெலும்பு மிஞ்சும். ஆனால் அந்த சேஸிஸும் இரும்புதான் என்பதை ஹெரால்டு வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது.

துரு எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கைகளைக் கழற்றுங்கள். மேட், கார்ப்பெட், அதன்கீழ் இருக்கும் சணல் அல்லது பஞ்சு விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அதற்கும் கீழே பல வண்டிகளில் சத்தத்தைக் குறைக்க ஒட்டிய தார் ஷீட் இருக்கும். அதையும் எடுக்க வேண்டும். இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். "தார் நன்றாகத்தானே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வண்டியில் ஓட்டுநர் பக்கத்துத் தார் ஷீட்டைப் பட்டி போடும் தகட்டால் ஓரத்தில் நெம்பினேன். மேற்பரப்பு கல்லைப்போல் இருந்தது. ஒரு சாண் நீளம் பெயர்ந்ததும் அடைத்துவைத்த ஈர மண்ணின் வாடை வந்தது. ஷீட்டின் அடிப்புறத்தில் தகடு அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் தொட்டால் வறுத்த அப்பளம்போல நொறுங்கியது. அந்தச் செங்கற்பொடி நிறக் குவியலுக்குள் ஓரம் நெளிநெளியான பழைய பத்துப் பைசா அலுமினியக் காசு ஒன்று கிடந்தது. துடைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. காசு பிழைத்துவிட்டது, அதைத் தாங்கிய தகடு பிழைக்கவில்லை. அந்தக் காசை இன்னும் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் பெயர்த்த பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்ற தகடு மந்தமாகச் சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் அதன் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், அந்தத் தகடு ஏற்கெனவே போய்விட்டது. ஒரு சிறு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய உரிமையாளர் பட்டி போட்டோ கண்ணாடியிழை ஒட்டியோ மறைத்திருந்தால் காந்தம் அங்கே பிடிக்காது.

கடைசியாக வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளில், அதுவும் இற்றுப்போகாத இடத்தில் தாங்கவைத்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு மேலே ஏறுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மழையே படாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு எப்படித் துரு பிடிக்கிறது?

இரும்புக்கு ஈரமும் காற்றும் போதும். கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பு அந்த வேலையை வேகப்படுத்தும். மண்தரை ஷெட்டில், பிளாஸ்டிக் உறை போர்த்தி நிறுத்திய வண்டியின் அடிப்பக்கம், மரத்தடியில் காற்றோட்டமாக நிற்கும் வண்டியைவிட மோசமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றி இரவில் தகட்டின் மேல் முத்துமுத்தாகப் படியும்.

தண்ணீர் உள்ளே வரும் வழிகளையும் தேடிப் பாருங்கள். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகள் அழுக்கால் அடைத்திருக்கும். தரையில் உள்ள துளைகளின் ரப்பர் மூடிகள் சுருங்கியிருக்கும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வெளியே குழாயால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

துருவின் மேல் நேராக ரெட் ஆக்ஸைடோ தாரோ பூசினால் என்ன?

பூசாதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. காரணம், என் வண்டியைக் கெடுத்ததே அதுதான். என் தந்தை காலத்தில் ஒரு பட்டறையில் "அடிக்குத் தார் அடித்துக் கொடுத்துவிட்டோம், இனிப் பத்து வருடத்துக்குத் தொட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அடியில் இருந்த துருவையும் சேற்றையும் சுரண்டாமலே அதன்மேல் தார் பூசியிருந்தார்கள். பார்வைக்குக் கறுப்பாக, கெட்டியாக, புதிதாகத் தெரிந்தது. தந்தை நம்பினார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன், யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

நடப்பது இதுதான். துரு ஒரு நுரைக்கல்லைப் போன்றது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துவிடும். அந்தப் பருமன் மேலே உள்ள பூச்சைத் தள்ளும், பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. வெறும் தகடு மழையில் நனைந்தால் வெயிலில் காயவாவது செய்யும். தாருக்கு அடியில் சிக்கிய ஈரத்துக்கு வெயிலே கிடையாது.

ரெட் ஆக்ஸைடின் கதை இவ்வளவு மோசமில்லை. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அது போதும். ஆனால் டப்பாவில் வரும் சாதாரண ரெட் ஆக்ஸைடு ஈரத்தை முழுவதும் தடுப்பதில்லை. தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும் கார் அடிக்கு அது பற்றாது.

எந்தத் துருவைச் சுத்தம் செய்தால் போதும், எதை வெட்டியெடுக்க வேண்டும்?

கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் அடியில் சாம்பல்நிற இரும்பு வழவழப்பாகத் தெரிந்தால் அது மேல்துரு. தேய்த்த பிறகு அம்மை வடுபோலக் குழிகள் தெரிந்தாலும், தகடு கனமாக, தட்டினால் ஒலிப்பதாக இருந்தால் காப்பாற்றலாம். ஊசித் துளைகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டுமன்றி, சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். இருட்டிய பிறகு வண்டிக்கு அடியில் ஒரு விளக்கை வைத்துவிட்டு உள்ளே இருந்து பாருங்கள். எனக்கு வானத்து நட்சத்திரங்களைப் போலத் தெரிந்தது. மனம் உடைந்த இரவு அது. டார்ஷன் பார் பிடிமானம், ஸ்பிரிங் பிடிமானம், சீட் பெல்ட் போல்ட் ஆகியவற்றைச் சுற்றி ஒரு கையகல இடத்தில் சந்தேகம் இருந்தாலும் வெட்டி மாற்றுவதே சரி. அங்கே தயவு காட்டக் கூடாது.

துருவை எடுக்கும் வேலையை எப்படிச் செய்வது?

முதலில் தாரும் கிரீஸும் போக வேண்டும். தார் ஷீட்டை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கிப் பட்டித் தகட்டால் வழித்தெடுக்கலாம். மிச்சத்தைப் பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரால் துடைக்க வேண்டும். வெப்பக்காற்றையும் தின்னரையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

அதன்பின் கிரைண்டரில் கம்பிச் சக்கரம். அகலமான இடங்களுக்கு இது சரி. ஆனால் கம்பிச் சக்கரம் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் மேலே மெருகேற்றிவிடும். சுத்தமானது போலக் கண்ணை ஏமாற்றும். குழிகளுக்குச் சிறிய கூர்முனைக் கம்பி பிரஷ்ஷும் முரட்டு உப்புத்தாளும்தான் தோழர்கள். முடிந்தால் மணல் பீச்சும் பட்டறையில் செய்துகொள்ளலாம். குழிக்குள் போய்ச் சுத்தம் செய்வதில் அதற்கு நிகரில்லை. மெல்லிய தகட்டில் அழுத்தத்தைக் குறைத்து அடிக்கச் சொல்லுங்கள், இல்லையேல் தகடு நெளிந்துவிடும்.

முழு முகக் கண்ணாடி அணியாமல் கம்பிச் சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து பிய்ந்து வரும் கம்பி ஊசியாகப் பாயும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே தூசிக்கு நல்ல முகமூடி வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவம் விற்கிறார்களே, அது உண்மையில் வேலை செய்யுமா?

வேலை செய்யும், அதன் எல்லைக்குள். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவைக் கரைத்து, மிச்சத்தை இரும்பு பாஸ்பேட் என்னும் சாம்பல்நிறப் படிவாக மாற்றும். இன்னொன்று டேனிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கருநீலப் படிவமாகும்.

இந்த இரண்டாவது நம் ஊருக்குப் புதிதே அல்ல. கடுக்காயில் இருப்பது இதே வகைத் துவர்ப்புப் பொருள்தான். கலம்காரித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, துருவேறிய இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீரால் கோடு வரைந்தால் கறுப்பாக எழும்பும். துணியில் நடக்கும் அதே வேதியியல்தான் உங்கள் காரின் தரையிலும் நடக்கிறது. டப்பாவைத் திறந்து பூசி, செம்மண் நிறம் கண்ணெதிரே கறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் அந்தத் துணிகளே நினைவுக்கு வரும்.

ஆனால் எல்லை இருக்கிறது. திரவம் தொட்ட துரு மட்டுமே மாறும். உரிந்து நிற்கும் தடித்த துருவின் மேல் பூசினால் மேல்தோல் கறுக்கும், அடியில் வேலை தொடரும். ஆகவே சுரண்டித் தேய்த்த பிறகு குழிகளில் எஞ்சியிருப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பாஸ்பாரிக் அமிலமாக இருந்தால் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகு நன்றாகக் கழுவி, உடனே வெப்பக்காற்றால் உலர்த்த வேண்டும். அமிலம் மிச்சமிருக்கும் தகட்டின் மேல், பிறகு அடிக்கப்போகும் எபாக்ஸி ப்ரைமர் சரியாக இறுகாது. ரப்பர் கையுறை அவசியம்.

எலுமிச்சை, புளி?

கழற்றி ஊறவைக்கக்கூடிய சின்னப் பொருள்களுக்கு நல்லது. போல்ட், கொக்கி, இருக்கைத் தண்டவாளம் போன்றவற்றைச் சிட்ரிக் அமிலத்தூள் கரைத்த நீரில் ஓர் இரவு வைத்து எடுத்தால் பிரமாதமாக வரும். தரைத்தகட்டுக்கு உதவாது.

ஓட்டைகளைக் கண்ணாடியிழையால் அடைக்கலாமா? அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடிக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கண்ணாடியிழை இரும்போடு சேர்ந்து விரிந்து சுருங்காது. ஓரத்தில் பிரிந்து ஈரத்தை உள்ளே வாங்கும். அலுமினியமும் இரும்பும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டுமே வண்டியின் பாரத்தைத் தாங்காது.

இரும்புத் தகட்டையே வெட்டிப் பற்றவைக்க வேண்டும். 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தகடு தரைக்குப் பொருத்தமானது. பழைய தகட்டில் உள்ள வரிப்பள்ளங்களைப் புதியதிலும் தட்டி எழுப்பச் சொல்லுங்கள். அவை அழகுக்கானவை அல்ல. தகடு அதிராமல் விறைப்பாக நிற்பதற்கானவை. நல்ல டிங்கர் ஒருவர் மரச்சுத்தியலும் மணல்மூட்டையும் வைத்துக்கொண்டே அதைச் செய்துவிடுவார்.

மெல்லிய தகட்டுக்கு மிக் (MIG) வெல்டிங், அதாவது கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மின்வெல்டிங், சிறந்தது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். எதுவானாலும் ஒரே இழுப்பில் பற்றவைக்காமல், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டுப் போக வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இணைப்பானால், இரண்டு தகடுகளுக்கு நடுவே துத்தநாகம் கலந்த வெல்டிங் ப்ரைமர் பூசிவிட்டுப் பற்றவையுங்கள். அந்த இடுக்குக்குள் பிறகு எந்த பிரஷ்ஷும் போகாது.

பெரிய துண்டாக வெட்டினால் வண்டி வளைந்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். தரையும் கதவடிப் பெட்டித்தகடும் ஒன்றாக வெட்டப்பட்டால் உடல் நடுவில் தொய்யும். வெட்டுவதற்கு முன் கதவுகளைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். கதவுக் கட்டுக்குள் இரும்புக் குழாயைக் குறுக்கே தற்காலிகமாகப் பற்றவைத்துப் பிணைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே அடுத்த பக்கம். ஒவ்வொரு துண்டையும் புள்ளி புள்ளியாகப் பிடித்த பிறகு, முழுதாகப் பற்றவைக்கும் முன் குழாயை அந்தப் பக்கம் கழற்றி, கதவைச் சாத்திப் பாருங்கள். நான் ஒரு முறை இதைத் தவிர்த்தேன். பின்கதவு 4 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. செய்த வேலை முழுவதையும் மறுபடி வெட்டினோம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கையும் அடியில் ஓடும் பெட்ரோல் குழாயையும் அகற்றுங்கள். பிரேக் குழாய்களையும் கழற்றி வைப்பது நல்லது. பக்கத்தில் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். வெல்டிங் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். உள்ளே மிஞ்சிய சணல் நார் புகைந்துகொண்டே இருந்து பிறகு பற்றும்.

எந்த பெயிண்ட், எந்த வரிசையில்?

சுத்தமான தகட்டின் மேல் முதலில் இரு டப்பா எபாக்ஸி ப்ரைமர். ஈரத்தைத் தடுப்பதில் இதற்குத்தான் என் ஓட்டு. இரண்டு பாகங்களையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்தே கலக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. இரண்டு கோட்டுகள். தரைக்கு ஸ்ப்ரேயைவிட பிரஷ்ஷே எனக்குப் பிடிக்கும். குழிகளுக்குள்ளும் வெல்டிங் தழும்புகளுக்குள்ளும் பெயிண்டை அழுத்தித் தேய்க்கலாம்.

அதன்பின் தகடுகள் சேரும் ஒவ்வொரு இணைப்பிலும், இடுக்கை அடைக்கும் பசையான சீம் சீலர். சீலரை வெறும் இரும்பின் மேல் இடாதீர்கள், ப்ரைமருக்கு மேலேதான். பிறகு உள்பக்கத்துக்கு பாலியூரித்தேன் பெயிண்ட், அடிப்பக்கத்துக்குக் கல் தெறிப்பைத் தாங்கும் ரப்பர்த் தன்மையுள்ள பூச்சு. அந்த பாலியூரித்தேனை ஸ்ப்ரே செய்வதானால் அதன் கெட்டியாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாவிட்டால் ஸ்ப்ரே வேலையை வசதியுள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு, பெட்டித்தகடுகளின் உட்புறத்தில் மெழுகுப்பூச்சை நீண்ட குழாயால் பீச்ச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த உட்புறம்தான் முதலில் துருப்பிடிக்கிறது. தண்ணீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிட்டதா என்று கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே டப்பாவில் குறித்த காலக்கெடு தாண்டிவிட்டால், உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது.

எந்த மாதத்தில் செய்யலாம்?

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நல்ல காலம். நாளுக்குள் பார்த்தால் காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். விடியற்காலையில் தகடு குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூச வேண்டாம். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். காலையில் தேய்த்த தகட்டுக்கு அன்று மாலைக்குள் ப்ரைமர் ஏறிவிட வேண்டும். ஓர் இரவு விட்டால் விடிந்ததும் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால்?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பெட்டித்தகடுகளுக்குள் வண்டல் இருக்கும். வெயில் எத்தனை நாள் அடித்தாலும் அந்த வண்டல் ஈரத்தை விடாது. வடிதுளைகள் வழியே நல்ல தண்ணீரைப் பீச்சி, தெளிந்த நீர் வெளியே வரும்வரை கழுவுங்கள். காற்றடித்து உலர்த்தி, சில நாள் வெயிலில் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகே மெழுகு. கார்ப்பெட்டையும் அடிவிரிப்பையும் மட்டும் மறுபடி போடாதீர்கள், எவ்வளவு அழகாகத் துவைத்தாலும்.

வேலை முடிந்த தரையின் மேல் என்ன விரிப்பது?

ஈரத்தை உறிஞ்சாத எதுவும் சரி. சணலும் பஞ்சும் வேண்டாம். எளிதாகத் தூக்கக்கூடிய ரப்பர் மேட் போதும். ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தூக்கி, அடியில் கையை வைத்துப் பாருங்கள்.

எனக்கு இதையெல்லாம் செய்ய நேரமில்லை. பட்டறையில் என்ன சொல்லிக் கொடுப்பது?

மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள். தார் வேண்டாம். இற்ற தகட்டை வெட்டியே மாற்ற வேண்டும். ப்ரைமர் அடிப்பதற்கு முன் என்னைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதற்குப் பட்டறைக்காரர் தயங்கினால் வேறு பட்டறை பாருங்கள்.

அழைப்பு வந்ததும் டார்ச், காந்தம், ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். இருக்கை இருந்த இடத்தில் மண்டியிட்டு, இணைப்புகளின் ஓரத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் குழிகளும் மிச்சத் துருவும் நிழலோடு எழும்பித் தெரியும். அந்த இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு, அவை சுத்தமாகும்வரை அங்கேயே ஒரு டீ குடித்துக்கொண்டு இருங்கள்.